எட்வர்ட் பேக்கர்: வக்கீல், செனட்டர், கர்னல். பால்ஸ் பிளஃப் தோல்விக்கு அவர்தான் காரணமா?

பழையஏடு:

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி இங்கே ஏற்கெனவே நிறைய இழைகள் ஓடியிருக்கின்றன. எல்லாவற்றிலும் லிங்கன், கிராண்ட், லீ, கெட்டிஸ்பர்க். எட்வர்ட் டிக்கின்சன் பேக்கரைப் பற்றி ஒரு பதிவுகூடக் கண்ணில் படவில்லை. பதவியில் இருக்கும்போதே போர்க்களத்தில் உயிர்விட்ட ஒரே அமெரிக்க செனட்டர் அவர். லிங்கன் தன் இரண்டாவது மகனுக்கு இவர் பெயரைத்தான் வைத்தார். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1811 பிப்ரவரி 24 அன்று லண்டனில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பம் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கப்பலேறிவிட்டது. 1825 வாக்கில் இண்டியானாவில் ராபர்ட் ஓவன் தொடங்கிய நியூ ஹார்மனி என்ற பொதுவுடைமைக் குடியிருப்புக்குப் போனார்கள். அங்கிருந்து இல்லினாய். ஆளுநர் நினியன் எட்வர்ட்ஸின் வீட்டு நூலகத்தில் சட்டப் புத்தகங்களைப் படிக்க இடம் கிடைத்தது. 19 வயதில் வக்கீல். 1832-இல் பூர்வகுடித் தலைவர் பிளாக் ஹாக்குக்கு எதிரான போரில் சேர்ந்தார். 1835-இல் ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் குடிவந்தார். 1837-இல் மாநிலச் சட்டமன்றம், அப்புறம் மாநில செனட்.

ஸ்பிரிங்ஃபீல்டில்தான் லிங்கனோடு பழக்கம். இருவரும் டெமாக்ரட்டுகளுக்கு எதிரான அன்றைய விக் கட்சி, இருவரும் வக்கீல். பேச்சு என்று வந்தால் பேக்கர்தான் ஒரு படி மேல் என்று அந்த ஊரே சொன்னது. ஒரு சம்பவத்தை லிங்கனின் பிற்காலத் தொழில் பங்காளியான வக்கீல் ஹெர்ன்டன் எழுதி வைத்திருக்கிறார். நீதிமன்றமாக இருந்த அறையில் பேக்கர் பேசிக்கொண்டிருந்தார். மாடியில் லிங்கனின் அலுவலகம், நடுவில் தரையில் ஒரு பொறிக்கதவு. அரசின் நில அலுவலகம் எங்கே இருக்கிறதோ அங்கே அதன் ஊழலை மூடிமறைக்க ஒரு டெமாக்ரட் பத்திரிகையும் இருக்கிறது என்று பேக்கர் சொன்னதும், அந்த ஊர்ப் பத்திரிகை ஆசிரியரின் சகோதரர் "அவனை இழுத்துக் கீழே தள்ளுங்கள்" என்று கத்தினார். கூட்டம் மேடையை நோக்கி நகர்ந்தது. அப்போது பொறிக்கதவு வழியாக இரண்டு நீண்ட கால்கள் தொங்கின. லிங்கன் குதித்து இறங்கி, தண்ணீர்க் கூஜாவைக் கையில் தூக்கிக்கொண்டு, இங்கே பேசும் உரிமை எல்லோருக்கும் உண்டு, பேக்கர் மேல் யாரும் கை வைக்க முடியாது என்றார். கூட்டம் அடங்கியது.

அந்த நண்பர் 1861-இல் பொடோமக் ஆற்றங்கரையில் செத்தார். அதற்கு முன் நடந்ததும் பின் நடந்ததும்தான் விவாதிக்க வேண்டியவை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேக்கர் நல்ல மனிதர், துணிச்சல்காரர். ஆனால் அக்டோபர் 21 அன்று பால்ஸ் பிளஃப் சண்டையில் வடக்குப் படையினர் அத்தனை பேர் செத்ததற்கு முதல் பொறுப்பு அவருடையது. அந்தப் பழி முழுவதும் பேக்கரின் மேலதிகாரியான சார்லஸ் ஸ்டோன் என்ற தளபதியின் தலையில் விழுந்தது பெரிய அநியாயம்.

தேன்மொழி:

நல்ல தொடக்கம் அண்ணா. லிங்கனின் மகன் எடி 1846 மார்ச்சில் பிறந்தான், நான்கு வயது நிரம்புவதற்குள், 1850 பிப்ரவரி 1 அன்று இறந்துவிட்டான். அவனுடைய முழுப்பெயர் எட்வர்ட் பேக்கர் லிங்கன்.

அந்தப் பெயர் வைத்தபோது இருவருக்கும் நடுவில் அரசியல் போட்டி முடிந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. 1843-இல் காங்கிரஸ் வேட்பாளராக வர இருவருமே ஆசைப்பட்டார்கள். சொந்த மாவட்டமான சாங்கமனிலேயே பேக்கர் லிங்கனை வென்றுவிட்டார். போதாததற்கு, பேக்கருக்கு ஆதரவு திரட்டும் பிரதிநிதியாக லிங்கனையே அனுப்பினார்கள். தன்னை முந்திக்கொண்டு தன் காதலியையே கட்டிக்கொள்பவனுக்கு மாப்பிள்ளைத் தோழனாக நிற்பவன் நிலைதான் என் நிலை என்று நண்பர் ஜோஷுவா ஸ்பீடுக்குக் கடிதம் எழுதினார் லிங்கன். கடைசியில் இருவருக்கும் கிடைக்காமல் ஜான் ஹார்டினுக்குப் போனது அந்த இடம். பிறகு முறைவைத்து வந்ததுபோல 1844-இல் பேக்கர், 1846-இல் லிங்கன்.

ஹார்டினும் வக்கீல்தான். மெக்சிகோ போரில் கர்னலாகப் போய் 1847 பிப்ரவரியில் புவெனா விஸ்டாவில் இறந்தார். அடுத்தடுத்து ஒரே தொகுதிக்கு வந்த மூன்று பேருக்கும் இயல்பான சாவு வாய்க்கவில்லை. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இந்த மூன்று பெயர்களும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

கேள்விக்குறி:

இவர் இல்லினாய்க்காரர் என்கிறீர்கள். ஆனால் அவர் ஓரிகன் செனட்டர் என்று எங்கோ படித்தேன். படைப்பிரிவின் பெயரோ கலிஃபோர்னியா ரெஜிமென்ட். எது சரி?

பழையஏடு:

மூன்றும் சரி. பேக்கர் ஓர் இடத்தில் நிலைத்து நின்றவரே இல்லை.

மெக்சிகோ போர் தொடங்கியதும் காங்கிரஸ் உறுப்பினராக இருந்துகொண்டே இல்லினாய் நான்காவது ரெஜிமென்டைத் திரட்டி அதன் கர்னலானார். 1846 டிசம்பரில் சீருடையோடு வாஷிங்டன் வந்து, களத்தில் சிப்பாய்கள் படும் பாட்டைச் சபையில் பேசினார். அப்புறம் பதவியை விட்டுவிட்டுத் திரும்பப் போனார். 1847 ஏப்ரலில் செரோ கோர்டோ சண்டை. படையணித் தலைவர் ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் நுரையீரலில் குண்டு பாய்ந்து விழுந்ததும் பேக்கர்தான் அந்த அணியை நடத்தினார். மெக்சிகோ தலைவர் சாண்டா ஆனா தப்பி ஓடியபோது விட்டுப்போன செயற்கைக் காலைக் கைப்பற்றியது இந்த நான்காவது ரெஜிமென்ட் ஆட்கள்தான். ஸ்பிரிங்ஃபீல்ட் ராணுவ அருங்காட்சியகத்தில் அது இன்றும் இருக்கிறது.

திரும்பி வந்து கலீனாவுக்குக் குடிபோனார். போன வேகத்தில் 1848-இல் அந்தத் தொகுதியிலிருந்து மறுபடி காங்கிரஸ். பிறகு பனாமா ரயில் பாதை வேலை, அங்கே காய்ச்சல். 1852-இல் சான் ஃபிரான்சிஸ்கோ. கலிஃபோர்னியாவில் டெமாக்ரட்டுகளின் கை ஓங்கியிருந்ததால் அங்கே தேர்தலில் ஜெயிக்க முடியவில்லை. ஓரிகன் 1859-இல்தான் மாநிலமானது. ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து அங்கே போய்க் குடியேறியிருந்த லிங்கனின் பழைய நண்பர்கள் பேக்கரை வரச்சொன்னார்கள். 1860 தொடக்கத்தில் சேலம் ஊருக்குப் போனவர், அதே அக்டோபரில் செனட்டர். அப்போது செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தது மாநிலச் சட்டமன்றம். ரிபப்ளிகன்களும், வடக்கு டெமாக்ரட் தலைவர் ஸ்டீபன் டக்ளஸ் பக்கமிருந்த டெமாக்ரட்டுகளும் கைகோத்ததால் கிடைத்த வெற்றி.

1861 மார்ச் 4, பதவியேற்பு விழா. மேடையில் லிங்கனை மக்களுக்கு அறிமுகப்படுத்தியவர் பேக்கர். அவ்வளவு பெரிய பேச்சாளர், அன்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

கறுப்புக்கோட்டு:

வக்கீல் பேக்கரைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும், தொழில் பாசம்.

1855 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் சார்லஸ் கோரா என்ற சூதாட்டக்காரர் வில்லியம் ரிச்சர்ட்சன் என்ற ஃபெடரல் மார்ஷலைச் சுட்டுக் கொன்றார். ஊர் முழுக்கக் கொந்தளிப்பு. கோராவோடு வாழ்ந்த பெல் என்ற பெண் விலைமாதர் விடுதி நடத்தியவர், கையில் பணம் இருந்தது. அவர்தான் பேக்கரை வக்கீலாக வைத்தார். வழக்கை எடுத்த அன்றே பேக்கர் மேல் வசவு ஆரம்பம். விட்டுவிட நினைத்தும் பெல் விடவில்லை என்று சொல்வார்கள். நீதிமன்றத்தில் அந்தப் பெண்ணின் விசுவாசத்தைப் பற்றியே பேக்கர் பேசினார். குற்றம்சாட்டப்பட்டவர் பக்கம் நிற்பது வக்கீலின் கடமை, ஊர் என்ன சொல்கிறது என்பது அதை மாற்றாது என்ற நிலையில் நின்றார். ஜூரிகள் ஒத்துப்போகாமல் பிரிந்தார்கள். மறுவிசாரணை வந்திருக்கும்.

வரவில்லை. 1856 மே மாதம் ஜேம்ஸ் கேசி என்பவர் ஒரு பத்திரிகை ஆசிரியரைச் சுட்டார். உடனே 'கண்காணிப்புக் குழு' என்று ஆயிரக்கணக்கானோர் துப்பாக்கியோடு திரண்டு, சிறையிலிருந்த கேசியையும் கோராவையும் வெளியே கொண்டுவந்து மே 22 அன்று தூக்கில் போட்டார்கள். அதற்குச் சற்று முன்னால்தான் கோராவுக்கும் பெல்லுக்கும் திருமணம் நடந்தது.

சட்டம் செய்ய வேண்டியதைக் கும்பல் செய்ததை பேக்கர் நேரில் பார்த்தவர். மூன்று வருடம் கழித்து இன்னொன்றையும் பார்த்தார். அடிமைமுறை பரவுவதை எதிர்த்த கலிஃபோர்னியா செனட்டர் பிராடரிக்கை டேவிட் டெர்ரி 'டூயல்' எனப்படும் நேருக்கு நேர் துப்பாக்கிச் சண்டையில் கொன்றார். டெர்ரி யார் தெரியுமா? அதுவரை கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி! பிராடரிக்கின் உடலருகே, போர்ட்ஸ்மத் சதுக்கத்தில் பேக்கர் ஆற்றிய இரங்கலுரை அடிமைமுறை எதிர்ப்பு அரசியலை அந்த மாநிலத்தில் மறுபடி நிமிர்த்தியது என்று நான் நம்புகிறேன். டூயல் என்ற வழக்கத்தையே அதில் கடுமையாகச் சாடினார்.

இப்படிப்பட்ட ஒருவரை ஒரே நாள் போரை வைத்து மதிப்பிடுவது சரியா என்பதுதான் என் கேள்வி.

முன்னாள்சிப்பாய்:

ஐயா, வக்கீலாக அவர் செய்ததை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு படைத்தலைவரின் ஒரு நாள் என்பது ஆயிரத்து எழுநூறு பேரின் உயிர். அந்த நாளைப் படிப்படியாக எழுதுகிறேன், பிறகு நீங்களே சொல்லுங்கள்.

இடம், வாஷிங்டனுக்கு வடமேற்கே, வர்ஜீனியாவின் லீஸ்பர்க் அருகே. பொடோமக்கின் நடுவில் ஹாரிசன் தீவு. தீவுக்கு அந்தப் பக்கம், வர்ஜீனியாக் கரையில் கிட்டத்தட்ட நூறு அடி உயரத்துக்கு மரமடர்ந்த செங்குத்து மேடு. அதுதான் பால்ஸ் பிளஃப்.

அக்டோபர் 20 அன்று வாஷிங்டன் பகுதி வடக்குப் படையின் தளபதி மெக்லெல்லன் ஸ்டோனுக்குத் தந்தி அடிக்கிறார். லீஸ்பர்க் பக்கம் கண் வையுங்கள், நீங்களும் லேசாக ஒரு பாவனை காட்டினால் எதிரி நகரக்கூடும் என்று. அன்றிரவு கேப்டன் பில்பிரிக் சில ஆட்களோடு ஆற்றைக் கடந்து வேவு பார்க்கிறார். நிலா வெளிச்சத்தில் ஒரு வரிசை கூடாரங்களைப் பார்த்ததாகத் திரும்பி வந்து சொல்கிறார். அந்த முகாமைத் தாக்கிவிட்டுத் திரும்ப கர்னல் டெவன்ஸ் முந்நூறு பேரோடு விடியுமுன் கடக்கிறார். விடிந்து பார்த்தால் கூடாரமே இல்லை, மரங்கள்தான். டெவன்ஸ் உடனே திரும்பவில்லை, மேலே என்ன செய்ய என்று கேட்டு ஆள் அனுப்புகிறார். அதற்குள் தெற்குத் தரப்பின் மிசிசிப்பிப் படையோடு சிறு மோதல்.

ஸ்டோன் அன்று காலை பேக்கரிடம் கொடுத்த அதிகாரம் இதுதான்: போய்ப் பார், டெவன்ஸுக்குத் துணையாகப் படையை அனுப்புவதா, இருப்பவர்களைத் திருப்பி அழைப்பதா, நீயே முடிவு செய். பேக்கர் ஆற்றங்கரைக்குப் போகும் வழியில், அங்கே சண்டை தொடங்கிவிட்டது என்று செய்தி வருகிறது. அந்த இடத்திலேயே, மேட்டை ஒரு முறை கூடப் பார்க்காமல், முழுப்படையோடும் கடக்கிறேன் என்று சொல்லிவிடுகிறார்.

அப்புறம் படகு. தீவுக்கும் வர்ஜீனியாக் கரைக்கும் நடுவில் அன்று காலை இருந்தவை மூன்று சிறு படகுகள். மூன்றும் சேர்ந்து ஒரு நடைக்கு முப்பது பேர் வரைதான் ஏற்றும். இந்தப் பக்கம் கால்வாயில் கிடந்த ஒரு பெரிய படகை ஆற்றுக்குள் தூக்கிவிடும் வேலையில் பேக்கர் தானே நின்று மணிக்கணக்கில் செலவழித்தார். ஒரு லெப்டினன்ட்டிடம் விட வேண்டிய வேலை அது. அக்கரையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது, படைத்தலைவர் இக்கரையில். துறையில் யார் முதலில் ஏறுவது, எது எந்தப் பக்கம் போவது என்று ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரியையும் நியமிக்கவில்லை.

மதியம் இரண்டு மணிவாக்கில்தான் மேட்டின் மேல் ஏறினார். மேலே ஒரு திறந்த புல்வெளி, மூன்று பக்கமும் காடு. பின்னால் செங்குத்து, அதற்குக் கீழே ஆறு. இடது பக்கம் ஓர் ஓடைப்பள்ளத்துக்கு அப்பால் உயரமான இடம், அதை யார் பிடிக்கிறார்களோ அவர்கள் கைதான் மேல். நியூயார்க் ரெஜிமென்டின் கர்னல் காக்ஸ்வெல் வெஸ்ட் பாயின்ட்டில் படித்த தொழில்முறை ராணுவ அதிகாரி. அவர் மேலே வந்ததும் பேக்கர் ஒரு கவிதை வரி சொல்லி வரவேற்றார். காக்ஸ்வெல் சுற்றிப் பார்த்துவிட்டு அந்த இடதுபக்க உயரத்தை உடனே பிடிக்க வேண்டும் என்றார். பேக்கர் கேட்கவில்லை. தன் பழைய வக்கீல் பங்காளியும் இப்போது தன் ரெஜிமென்டை நடத்துபவருமான ஐசக் விஸ்டார் இடதுபக்கம் பற்றிக் கவலைப்பட்டபோது, இடதுபக்கப் பொறுப்பு முழுக்க உன்னுடையது, விருப்பப்படி செய் என்று சொல்லிவிட்டார்.

மாலை ஐந்து மணி நெருங்கும்போது, வரிசைக்கு முன்னால் நின்ற பேக்கர் பல குண்டுகள் பாய்ந்து விழுந்தார். இருட்டும் நேரம் படை உடைந்தது. செங்குத்தில் உருண்டும் சரிந்தும் ஆற்றுக்கு வந்தார்கள். பெரிய படகில் அளவுக்கு மேல் ஏறியதால் அது கவிழ்ந்தது. மேலேயிருந்து சுட்டுக்கொண்டே இருந்தார்கள். கடந்து போனவர்கள் சுமார் 1,700. செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்கு நெருக்கம், அதில் ஐந்நூறுக்கு மேல் கைதிகள். எதிர்த்தரப்பிலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில்தான் ஆட்கள், அவர்கள் இழப்போ நூற்றைம்பதைச் சுற்றித்தான். மூழ்கியவர்களின் உடல்கள் ஆற்றோடு வாஷிங்டன் வரை மிதந்து போயின.

எனக்குக் கோபம் வருவது எங்கே என்றால், படகு இல்லை என்று தெரிந்தும் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்ததில். போக வழி பார்த்தவர் திரும்ப வழி பார்க்கவில்லை.

ஆற்றுமணல்:

முன்னாள்சிப்பாய் எழுதியதில் தவறில்லை. ஆனால் பாதியைத்தான் எழுதியிருக்கிறார்.

முதலாவது, படகு. அந்த ஆற்றுப்பகுதிக்குப் பொறுப்பு ஸ்டோன். பல வாரமாக அங்கே இருந்தவர். முந்நூறு பேரை இரவில் அக்கரைக்கு அனுப்பும்போதே அவர்களைத் திருப்பிக் கொண்டுவரப் போதுமான படகு இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டாமா?

இரண்டாவது, எட்வர்ட்ஸ் ஃபெர்ரி. பால்ஸ் பிளஃபுக்குக் கீழே சில மைல் தூரத்தில் ஸ்டோன் ஆயிரத்துக்கும் அதிகமான ஆட்களை அதே வர்ஜீனியாக் கரையில் இறக்கியிருந்தார். அவர்கள் நாள் முழுக்க அங்கேயே நின்றார்கள். நடுவில் எதிரியின் பீரங்கி அரண் இருக்கிறது என்பது ஸ்டோனின் பதில். சரி, அப்படியானால் பேக்கர் மேட்டில் தனியாகத்தான் இருப்பார் என்று தெரிந்தேதானே விட்டார்?

மூன்றாவது, மெக்லெல்லன். டிரேன்ஸ்வில் வரை போயிருந்த இன்னொரு வடக்குத் தளபதி மெக்காலின் படை அருகில் இருக்கிறது, தேவைப்பட்டால் வரும் என்ற எண்ணத்தில்தான் ஸ்டோன் காரியத்தில் இறங்கினார். மெக்காலைத் திரும்பி வரச்சொல்லி மெக்லெல்லன் உத்தரவிட்டது ஸ்டோனுக்குத் தெரியவே இல்லை. ஸ்டோனுக்கே தெரியாதபோது பேக்கருக்கு எப்படித் தெரியும்? அன்று ஆற்றைக் கடந்த ஒவ்வொருவரும் உதவிக்கு ஆள் வருவார்கள் என்று நம்பித்தான் கடந்தார்கள்.

செத்தவர் வாய் திறந்து பதில் சொல்ல முடியாது. அதனால் மெக்லெல்லன் முதல் எல்லோருக்கும் பேக்கர் மேல் பழிபோடுவது எளிதாக இருந்தது. அவர் அறிக்கை எழுத உயிரோடு இருந்திருந்தால் படம் வேறாக இருந்திருக்கும்.

கேள்விக்குறி:

ஒரு சந்தேகம். செனட்டராக இருந்துகொண்டே எப்படிக் கர்னல் ஆனார்? அமெரிக்க அரசியல் சட்டத்தில் அதற்குத் தடை இல்லையா?

கறுப்புக்கோட்டு:

தடை இருக்கிறது. முதல் பிரிவு, ஆறாவது உட்பிரிவு. ஐக்கிய அமெரிக்க அரசின் கீழ் ஒரு பதவி வகிப்பவர், அந்தப் பதவியில் இருக்கும் வரை காங்கிரஸின் எந்தச் சபையிலும் உறுப்பினராக இருக்க முடியாது.

பேக்கர் வக்கீல், அவருக்குத் தெரியாமல் இருக்குமா. தொண்டர்படைக் கர்னல் என்பது அந்த அர்த்தத்தில் ஃபெடரல் பதவி ஆகாது என்ற வாதம் அன்று இருந்தது. ஜெனரல் என்றால் அந்த வாதம் நிற்காது, அது ஜனாதிபதி நியமித்து செனட் ஒப்புதல் தரும் பதவி. அதனால்தான் லிங்கன் பிரிகேடியர் ஜெனரல் பதவி கொடுத்தபோது பேக்கர் மறுத்தார். அடுத்து மேஜர் ஜெனரல் பதவியும் வந்தது. அதை ஏற்காமலேயே இறந்தார். ஆக, ஒரு படையணியையே நடத்தியவர் கடைசிவரை கர்னல்தான்.

இதே சிக்கல் கன்சாஸ் செனட்டர் ஜேம்ஸ் லேனுக்கும் வந்தது. இவரும் வக்கீல், இவரும் மெக்சிகோ போர்க்காரர். அவர் ஜெனரல் ஆகிவிட்டார், ஆகவே செனட் இடம் காலி என்று ஆளுநர் வேறொருவரை நியமித்தார். 1862 ஜனவரியில் செனட் லேன் பக்கமே தீர்ப்பளித்தது.

தேன்மொழி:

ரெஜிமென்ட் பற்றியும் சொல்லுங்கள். கலிஃபோர்னியா என்று பெயர், ஆனால் ஆட்கள் பெரும்பாலும் ஃபிலடெல்ஃபியாக்காரர்கள். பசிபிக் கரையும் இந்தப் போரில் இருக்கிறது என்று காட்ட பேக்கர் வைத்த பெயர் அது. ஃபிலடெல்ஃபியாவில் ஆள் சேர்த்தவர் விஸ்டார். பேக்கர் இறந்த பிறகு பென்சில்வேனியா மாநிலம் அதைத் தன் கணக்கில் 71-வது ரெஜிமென்டாக எடுத்துக்கொண்டது. 1863 ஜூலை 3 அன்று கெட்டிஸ்பர்க்கில் தெற்குத் தளபதி பிக்கெட்டின் படை ஏறிவந்த அந்தக் கல்சுவர் மூலையில் நின்றவர்களில் இவர்களும் உண்டு.

அப்புறம் செனட்டில் நடந்த அந்த ஆகஸ்ட் 1 விவாதம். முகாமிலிருந்து சீருடையோடு வந்தார் பேக்கர். கென்டக்கியின் ஜான் பிரெக்கின்ரிட்ஜ் போரை நிறுத்தச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தார். அதே வருடம் மார்ச் வரை நாட்டின் துணை ஜனாதிபதியாக இருந்தவர். பேக்கர் எழுந்து, ஹன்னிபாலிடம் ரோமானியர் அடைந்த கன்னே தோல்விக்குப் பிறகு ரோமாபுரி செனட்டில் ஒருவர் இப்படிப் பேசியிருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று கேட்டார். துரோகிகளைத் தள்ளிக் கொல்லும் ரோமின் டார்பியன் பாறையிலிருந்து தள்ளியிருப்பார்கள் என்று பக்கத்திலிருந்து ஒரு குரல். அதையே பிடித்துக்கொண்டு மேலே பேசினார். எழுதி வைத்துப் பேசியதல்ல, நின்ற இடத்தில் வந்த பேச்சு. பிரெக்கின்ரிட்ஜ் சில மாதங்களில் தெற்குப் படையில் ஜெனரலாகிவிட்டார், டிசம்பரில் செனட் அவரை வெளியேற்றியது. அவரும் வக்கீல், சட்டமன்றக்காரர், மெக்சிகோ போரில் மேஜர். ஒரே மாதிரி வாழ்க்கை, நேரெதிர் முடிவு.

பழையஏடு:

இப்போது ஸ்டோன் விஷயத்துக்கு வருகிறேன், என் ஆதங்கம் முழுக்க அங்கேதான்.

பேக்கர் இறந்தது காங்கிரஸை உலுக்கிவிட்டது. தங்களோடு உட்கார்ந்திருந்தவர். அவர் மேல் குற்றம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. டிசம்பரில் போர் நடத்தை பற்றிய கூட்டுக் குழு ஒன்றை அமைத்தார்கள், தலைவர் ஒஹாயோ செனட்டர் பெஞ்சமின் வேட். குழு ரகசியமாக சாட்சிகளை விசாரித்தது. ஸ்டோன் எதிரியோடு தொடர்பு வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதையெல்லாம் சாட்சியமாக எடுத்துக்கொண்டது. யார் என்ன சொன்னார்கள் என்று ஸ்டோனுக்குக் காட்டவே இல்லை.

அதற்கு முன்பே அவர் மேல் ஒரு பகை இருந்தது. தன் முகாமுக்குத் தப்பி வந்த அடிமைகளை உரிமையாளர்களிடம் திருப்பிக் கொடுக்க வைத்தார் என்று மாசசூசெட்ஸ் ஆளுநரும் செனட்டர் சம்னரும் அவர்மேல் பாய்ந்தார்கள். ஸ்டோன் சம்னருக்கு அவமதிப்பான ஒரு கடிதம் எழுதினார். அடிமைகளைத் திருப்பி அனுப்பியதை நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அது வேறு, தேசத்துரோகம் வேறு.

1862 பிப்ரவரி 8 நள்ளிரவு வாக்கில் அவரைக் கைது செய்தார்கள். நியூயார்க் துறைமுகத்தில் லஃபாயெட் கோட்டையில் தனிச்சிறை, பிறகு ஹாமில்டன் கோட்டை. மொத்தம் 189 நாள். குற்றச்சாட்டு என்று ஒரு தாள்கூடக் கொடுக்கவில்லை. எதற்காக என்று கேட்டுக் கேட்டு எழுதினார், பதிலே இல்லை.

இதில் என்னால் ஜீரணிக்க முடியாதது ஒன்று. 1861 மார்ச் 4 அன்று மேடையில் லிங்கனை அறிமுகம் செய்தவர் பேக்கர் என்றேனே, அன்று கூரைகளிலும் ஜன்னல்களிலும் துப்பாக்கி வீரர்களை நிறுத்தி லிங்கனின் உயிருக்குக் காவல் ஏற்பாடு செய்தவர் இதே சார்லஸ் ஸ்டோன்.

கறுப்புக்கோட்டு:

விடுதலை எப்படி வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1862 ஜூலை 17 அன்று காங்கிரஸ் நிறைவேற்றிய ஒரு சட்டத்தில், கைதான ராணுவ அதிகாரிக்கு எட்டு நாளுக்குள் குற்றச்சாட்டைக் கொடுக்க வேண்டும் என்ற பிரிவு நுழைக்கப்பட்டது. ஏற்கெனவே சிறையில் இருப்பவர்களுக்கு முப்பது நாள் அவகாசம். அந்த முப்பது நாளையும் கடைசி வரை இழுத்துவிட்டு ஆகஸ்ட் 16 அன்று விட்டார்கள். மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை.

இங்கே பழையஏடு அவர்களோடு முழுக்க உடன்படுகிறேன். பேக்கர் உயிரோடு இருந்திருந்தால் இதை எதிர்த்துப் பேசியிருப்பார் என்றே நினைக்கிறேன். கும்பல் கோராவைத் தூக்கில் போட்ட ஊரில் வக்கீலாக இருந்தவர் அவர். விசாரணை இல்லாத தண்டனை என்ன என்று அவருக்குத் தெரியும்.

ஆற்றுமணல்:

நானும் ஸ்டோன் துரோகி என்று சொல்லவில்லை. கவனக்குறைவுக்கு ராணுவ விசாரணை வைத்திருக்கலாம், அதை அவரே கேட்டார். அது மறுக்கப்பட்டது அநியாயம்தான். என் வாதம் ஒன்றே ஒன்று. ஸ்டோனுக்கு நடந்த அநியாயத்துக்குப் பரிகாரமாக எல்லாவற்றையும் பேக்கர் மேல் ஏற்றக் கூடாது.

தேன்மொழி:

லிங்கனின் வீட்டுப் பக்கத்தை யாரும் தொடவில்லையே. அக்டோபர் 20 மாலை வெள்ளை மாளிகைப் புல்வெளியில் லிங்கன் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, பேக்கர் பக்கத்தில் தரையில் படுத்திருக்க, பையன் வில்லி உதிர்ந்த இலைகளை அள்ளிப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். புறப்படும்போது பேக்கர் அவனைத் தூக்கி முத்தமிட்டார். மறுநாள் மாலை மெக்லெல்லனின் தலைமையகத்தில் தந்தி வந்தது. அறையை விட்டு வெளியே வந்த லிங்கன் கண்ணீரோடு, தெருவில் தடுமாறி விழப்போனதைப் பத்திரிகையாளர்கள் பார்த்தார்கள். பத்து வயது வில்லி பேக்கரைப் பற்றி ஒரு கவிதை எழுதினான், வாஷிங்டன் பத்திரிகை ஒன்றில் அது வெளிவந்தது. 1862 பிப்ரவரி 20 அன்று வில்லியும் காய்ச்சலில் இறந்தான்.

தேதிகளைப் பாருங்கள். ஸ்டோனைக் கைது செய்தபோது லிங்கன் வீட்டில் மகன் சாகக் கிடந்தான். அந்த மனிதரிடம் அந்த நேரத்தில் நியாயத்தை எதிர்பார்த்திருக்க முடியுமா என்று எனக்குத் தோன்றுகிறது.

பழையஏடு:

தேன்மொழி, அந்த வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் இருந்ததே. செனட் விளக்கம் கேட்டபோது, கைது தன் பொது அதிகாரத்தின் கீழ்தான் நடந்தது, பொதுப் பாதுகாப்புக்கு அது தேவைப்பட்டது, விசாரணை உரிய நேரத்தில் நடக்கும் என்றுதான் லிங்கன் பதில் எழுதினார். விசாரணை நடக்கவே இல்லை. 1863-இல் வடக்குத் தளபதி ஹூக்கர் ஸ்டோனைத் தன் தலைமை அதிகாரியாகக் கேட்டார், போர்த்துறை கொடுக்கவில்லை. 1864-இல் ஸ்டோன் ராணுவத்தை விட்டு விலகினார். லிங்கனை மிகவும் மதிப்பவன் நான். இந்த ஒரு விஷயத்தில் அவர் செய்தது தவறு.

முன்னாள்சிப்பாய்:

ஸ்டோன் அதற்குப் பிறகு எகிப்துக்குப் போய் அந்நாட்டு ஆட்சியாளர் கெதிவ் இஸ்மாயிலின் படையில் பல வருடம் தலைமை அதிகாரியாக இருந்தார். திரும்பி வந்து நியூயார்க் சுதந்திர தேவி சிலையின் பீடத்தைக் கட்டியதில் தலைமைப் பொறியாளர். 1887 ஜனவரியில் இறந்தார்.

ஆற்றுமணலுக்கு ஒரு பதில் பாக்கி. எட்வர்ட்ஸ் ஃபெர்ரியில் நின்ற படை நகராதது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேக்கர் மதியம் மேட்டில் ஏறிய பிறகு நிலைமையைச் சொல்லி ஸ்டோனுக்கு ஒழுங்காக ஆள் அனுப்பினாரா? மாலை வரை பேக்கர் முன்னேறிக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணத்தில்தான் ஸ்டோன் இருந்தார். மேலிடத்துக்குத் தகவல் சொல்வது களத்தில் நிற்பவரின் முதல் கடமை.

ஆற்றுமணல்:

தகவல் கேட்டு ஆள் அனுப்புவது மேலிடத்தின் கடமையும்தான் ஐயா. நான் என் பங்கை ஸ்டோன், மெக்லெல்லன், பேக்கர் என்ற வரிசையில்தான் வைப்பேன். நீங்கள் தலைகீழாக வைக்கிறீர்கள்.

கேள்விக்குறி:

அவருடைய கல்லறை பால்ஸ் பிளஃபில்தான் இருக்கிறதா? அங்கே அவர் பெயரில் ஒரு கல் இருக்கும் படத்தைப் பார்த்தேன்.

பழையஏடு:

அந்தக் கல் ஒரு நினைவுக்குறி மட்டும். அங்கே உள்ள தேசியக் கல்லறைத் தோட்டம் மிகச் சிறியது. 54 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள், ஒருவரின் பெயர் மட்டும்தான் தெரியும். பேக்கரின் உடலைச் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள். லோன் மவுன்டன் கல்லறையில் புதைத்தார்கள். பிறகு அந்த நகரம் உள்ளே இருந்த கல்லறைகளையெல்லாம் அகற்றியபோது, 1940-இல் பிரெசிடியோவில் உள்ள ராணுவக் கல்லறைக்கு மாற்றப்பட்டார். கோல்டன் கேட் பாலத்தின் வடமுனையில் உள்ள ஃபோர்ட் பேக்கரும், ஓரிகனின் பேக்கர் கவுன்டியும் பேக்கர் சிட்டியும் அவர் பெயரில் இருப்பவைதான்.

கன்சாஸ் லேன் வழக்கு, பிரெக்கின்ரிட்ஜ் இரண்டுக்கும் தனி இழை போடலாம் என்றிருக்கிறேன். கறுப்புக்கோட்டு ஐயா, லேன் வழக்கை நீங்களே தொடங்கினால் நன்றாக இருக்கும்.